குற்றவாளி மரமும் பாடும் குன்றும்

பெய்ஜிங் அரண்மனைக்குப் பின்னால் மனிதர்கள் எழுப்பிய ஜிங்ஷான் குன்றில் ஒரு வம்சம் முடிந்தது. அதற்கான பழியை யார் மீது போடுவது என்ற கேள்விதான் இன்னும் முடியவில்லை.

பெய்ஜிங்கின் பழைய அரண்மனைக்குள் தெற்கு வாசலில் நுழைகிறவர்கள் அதே வழியில் திரும்ப முடியாது. பெரும்பாலோர் வடக்கு வாசல் வழியாக வெளியே வருகிறார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே நிற்கிறது ஜிங்ஷான் பூங்கா. உயரம் சுமார் 45 மீட்டர்; ஒரு பதினைந்து மாடிக் கட்டடத்தின் அளவு. பல மணி நேரம் நடந்து கால் ஓய்ந்த வெளிநாட்டுப் பயணிகள் பலர் அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அவர்களுக்கு நஷ்டம்தான். அரண்மனை பேரரசர்களின் ஆடம்பரத்தைச் சொல்கிறது. அவர்களின் முடிவைச் சொல்வது இந்தக் குன்று.

இது இயற்கையின் படைப்பு அல்ல. 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங் வம்சப் பேரரசர் யோங்லே, தலைநகரை நான்ஜிங்கிலிருந்து பெய்ஜிங்குக்கு மாற்றினார். 1406-ல் தொடங்கி 1420-ல் முடிந்த அரண்மனை வேலையில், அகழி தோண்டிய மண் மலையாகக் குவிந்தது. அது நிஜமாகவே மலையாக்கப்பட்டது. சீன வாஸ்துவான ஃபெங்சுயிப்படி அரண்மனைக்கு வடக்கே மலை வேண்டும்; குளிர்காற்றையும் கெட்டதையும் தடுக்கும். இன்னொரு நோக்கமும் சொல்லப்படுகிறது. முன்பு ஆண்ட மங்கோலியர்களின் அரண்மனை இருந்த இடம் இதுதான். பழைய ஆட்சியின் தலையில் மண்ணைப் போட்டு, அது மீண்டும் எழாதபடி அழுத்தி வைப்பது.

எழுந்தது வேறு ஆபத்து.

மணி அடித்தும் யாரும் வரவில்லை

1627-ல் அரியணை ஏறிய சோங்ஜென், மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர். உல்லாசி அல்ல, இரவு பகலாகக் கோப்பு பார்த்தவர். ஆனால் யாரையும் நம்பாதவர். 17 ஆண்டுகளில் சுமார் 50 முதன்மை அமைச்சர்களை மாற்றினார். மஞ்சூரியர்களை எதிர்த்து நின்ற தளபதி யுவான் சோங்ஹுவானைத் துரோகி என்று முத்திரை குத்தி 1630-ல் கொன்றார். வறட்சி, பஞ்சம், கொள்ளைநோய், எல்லைப் போர் எல்லாம் சேர்ந்து கஜானாவைக் காலி செய்தன. செலவைக் குறைக்க அரசு அஞ்சல் நிலையங்களில் ஆள்குறைப்பு நடந்தது. அதில் வேலை இழந்தவர்களில் ஒருவர் லி ஸிச்செங் என்று சொல்வார்கள். பட்டினியில் வாடிய விவசாயிகளைத் திரட்டி, 1644 ஏப்ரலில் அவர் படையோடு பெய்ஜிங்குக்குள் நுழைந்தார்.

அன்று விடியற்காலையில் அமைச்சர்களை அழைக்க அரண்மனை மணி ஒலித்தது. ஒருவர்கூட வரவில்லை. பட்டத்தரசி ஏற்கெனவே உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு விசுவாசமான அரவாணி ஊழியர் துணைவர, 33 வயதுப் பேரரசர் வடக்கு வாசல் வழியே இந்தக் குன்றுக்கு வந்து, கிழக்குச் சரிவில் ஒரு மரத்தில் தூக்கிட்டுக்கொண்டார். கெடுத்தது அமைச்சர்கள்தான், என் உடலைச் சிதைத்தாலும் சரி, குடிமக்களைத் தொடாதீர்கள் என்று அங்கியில் எழுதி வைத்திருந்ததாகச் சொல்கிறது மரபு.

லி ஸிச்செங்கின் வெற்றியும் நீடிக்கவில்லை. அவர் ஆட்கள் கொள்ளையில் இறங்கினார்கள். சுமார் 40 நாட்களில் தலைநகரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. லாபம் அடைந்தவர்கள் மஞ்சூரியர்கள். அவர்களின் சிங் வம்சம் 1912 வரை ஆண்டது.

மரத்துக்குச் சங்கிலி

புதிய ஆட்சியாளர்களுக்கு ஒரு சங்கடம். பேரரசர் வானத்தின் புதல்வர். அவர் சாவுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். தண்டனை மரத்துக்குப் போனது. 'குற்றவாளி மரம்' என்று பெயரிட்டு இரும்புச் சங்கிலியால் கட்டிவைத்தார்கள் என்கிறது பெய்ஜிங் மக்கள் வழக்கு. அமைச்சர்கள் மீது பழி போட்டார் பேரரசர். மரத்தின் மீது போட்டது புதிய வம்சம்.

கதை அதோடு நிற்கவில்லை. 1930-ல் மரத்தடியில் நினைவுக் கல் நட்டார்கள். பெய்ஜிங் ஜப்பானியர் பிடியில் இருந்த 1944-ல், 300-வது ஆண்டு நினைவாக இன்னொரு கல் வந்தது. அதே ஆண்டு எழுத்தாளர் குவோ மோருவோ, லி ஸிச்செங்கின் வீழ்ச்சியை அலசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வெற்றி மயக்கம் எப்படிக் கவிழ்க்கும் என்ற பாடத்துக்காக அதைத் தன் கட்சிக்காரர்களைப் படிக்கச் சொன்னார் மாவோ. 1949 மார்ச்சில் பெய்ஜிங்குக்குப் புறப்பட்டபோதும், நாம் லி ஸிச்செங் ஆகிவிடக் கூடாது என்றே எச்சரித்தார். ஆனால் அவரே தொடங்கிவைத்த கலாசாரப் புரட்சியில் (1966-76) அந்த மரம் அழிந்தது. பூங்காவும் 1971 முதல் 1978 வரை மூடிக் கிடந்தது. 1981-ல் அதே இடத்தில் ஒரு இளமரம் நடப்பட்டது. 1996-ல் நகரின் வேறொரு பகுதியிலிருந்து சுமார் 150 வயதான மரத்தைப் பெயர்த்து வந்து நட்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்வது அதைத்தான். குற்றவாளி போய்விட்டான், வாரிசு நிற்கிறான்.

குன்றின் முகட்டில் வரிசையாக ஐந்து மண்டபங்கள். சியன்லோங் பேரரசர் 1750-களின் தொடக்கத்தில் கட்டியவை. ஒவ்வொன்றிலும் ஒரு புத்தர் சிலை இருந்தது. 1900-ல் பாக்ஸர் கிளர்ச்சியை ஒடுக்க எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் நுழைந்தபோது நான்கு சிலைகள் கொள்ளை போயின. அந்தப் படைகளில் பிரிட்டன் அனுப்பிய இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். நடு மண்டபமான வான்சுன்னில் இப்போது இருப்பது பின்னாளில் செய்த சிலை.

அந்த மண்டபத்தில் நின்றால்தான் யோங்லேயின் திட்டம் புரிகிறது. தெற்கே மஞ்சள் ஓடுகளாக விரியும் அரண்மனைக் கூரைகள். வடக்கே அதே நேர்கோட்டில் முரசுக் கோபுரம். மேற்கே பெய்ஹாய் ஏரித் தீவில் வெள்ளை ஸ்தூபி. கிழக்கே தூரத்தில் புதிய பணத்தின் கண்ணாடிக் கோபுரங்கள். தெற்கு வடக்காக 7.8 கி.மீ. நீளும் இந்த அச்சை 2024 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அறிவிப்பு வந்த இடம் புதுதில்லி. அதே கூட்டத்தில்தான் அஸ்ஸாமின் அஹோம் மன்னர்களைப் புதைத்த மொய்டாம் மேடுகளும் பட்டியலில் ஏறின.

இப்போது பாடகர்கள் ஆட்சி

1928-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பூங்காவின் இன்றைய எஜமானர்கள் ஓய்வுபெற்றவர்கள். காலையிலேயே வந்துவிடுகிறார்கள். தாய்சி பயிற்சி, இறகுப்பந்தைக் காலால் உதைக்கும் விளையாட்டு, தண்ணீரில் தோய்த்த பெரிய தூரிகையால் தரையில் எழுத்துக்கலை. வார இறுதிகளில் நூறு பேர்கூடச் சேர்ந்து உரத்துப் பாடுகிறார்கள். பெரும்பாலும் 1950, 60-களின் பாட்டுகள். தங்கள் இளமையைப் புரட்சிப் பாட்டில் தேடும் தலைமுறை அது. பக்கத்திலேயே சிங் காலத்து உடையை வாடகைக்கு வாங்கி உடுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள் இளம்பெண்கள். மரத்தை வெட்டிய காலமும் மரத்தைக் கட்டிய காலமும் ஒரே பாதையில் உரசிப் போகின்றன. சண்டை இல்லை.

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே 2020-ல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் பறக்கத் தொடங்கின. பெய்ஜிங் போகிறவர்கள் அரண்மனைக்குப் பிறகு இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மே மாதமென்றால் பியோனி மலர்கள் போனஸ். சூரியன் மறையும் வேளையில் உச்சியில் நிற்க இடம் கிடைக்காது. காலையில் ஏறுவது நல்லது. இறங்கும்போது கிழக்குச் சரிவு வழியாக வந்தால் அந்த மரம். பழியைச் சுமக்க இன்னும் ஒரு மரத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். சங்கிலி மட்டும் இல்லை.