மஞ்சளும் மூட்டு வலியும்

கால் சுளுக்கினால் மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடுவதும், இருமலுக்கு மஞ்சளும் மிளகும் கலந்த பாலைப் பருகுவதும் தமிழர் இல்லங்களில் நெடுநாளாக நிலவிவரும் வழக்கங்களாகும். அண்மைக் காலத்தில் மூட்டு வலிக்கு மஞ்சள் மாத்திரைகளை வாங்கி உண்போரும் பெருகியுள்ளனர். மஞ்சள் வலியைத் தணிக்குமா என்பது ஆராயத்தக்கது.

மஞ்சளுக்கு நிறத்தைத் தருவது குர்க்குமின் என்னும் பொருளாகும். அரபு மொழியில் குங்குமப்பூவைக் குறிக்கும் 'குர்க்கும்' என்னும் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. வோகல், பெல்லத்தியே என்னும் அறிஞர் இருவர் 1815இல் இதனை மஞ்சளினின்று பிரித்தெடுத்தனர். இதன் மூலக்கூற்றமைப்பு 1910இல் விளங்கிற்று.

அடிபட்ட இடம் சிவந்து, வெப்பமுற்று, வீங்கி வலிப்பதை அழற்சி என்பர். அவ்விடத்தில் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் மிகுவது வலிக்கு ஒரு காரணம். அவற்றை ஆக்கும் நொதி பெருகாதவாறு குர்க்குமின் தடுப்பது ஆய்வுக்கூடத்து உயிரணுக்களில் கண்டறியப்பட்டுள்ளது.

ஆயினும், ஆய்வுக்கூடக் கலத்தில் நிகழ்வதெல்லாம் உடலினுள் நிகழ்வதில்லை. குர்க்குமின் நீரில் எளிதிற் கரையாது. குடலினின்று சிறிதளவே உட்செல்லும். அதனையும் குடலும் கல்லீரலும் விரைவில் மாற்றிவிடும். பெங்களூர் ஆய்வாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 2 கிராம் குர்க்குமினைத் தனியே உண்டவரின் இரத்தத்தில் அது மிக அரிதாகவே காணப்பட்டது. மிளகின் காரப்பொருளாகிய பிப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்து உண்டபோது, உட்கவரப்பட்ட அளவு 20 மடங்காயிற்று. பாலில் மஞ்சளோடு மிளகு சேர்க்கும் பழக்கம் இம்முடிவோடு ஒத்திருக்கிறது.

எனினும் அளவையும் நோக்க வேண்டும். மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கே உண்டு. ஆகவே 3 கிராம் தூளில் கிடைப்பது 90 மில்லிகிராம். முழங்கால் மூட்டுத் தேய்வு பற்றிய ஆய்வுகளிலோ நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் அளவிலும் கொடுத்துப் பார்த்தனர். வலி ஓரளவு தணிந்ததாகப் பல ஆய்வுகள் கூறினும், அவற்றுட் பெரும்பாலானவை சிலரையே கொண்டு நடத்தப்பட்டவை.

எனவே குழம்பில் இடும் மஞ்சள் உணவு. செறிவூட்டிய மாத்திரையோ மருந்துக்கு நிகரானது. இத்தகைய மாத்திரைகளை உண்டோர் சிலருக்குக் கல்லீரல் அழற்சி உண்டானதை 2019இல் இத்தாலிய அரசு அறிவித்து எச்சரித்தது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், பித்தப்பைக் கல் உடையோரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உண்ணலாகாது. மிளகு பிற மருந்துகள் உடலிற் சேரும் அளவையும் மாற்றவல்லது.

முன்னோர் வழக்கத்தைப் போற்றுவது நன்று. அவர்கள் கையாண்ட அளவையும் உடன் போற்றுவதே அறிவுடைமையாகும்.