சரிவில் நின்றும் உருளாத அணுக்கள்

ஹட்டன் பக்கம் மழைநாளில் தேயிலை மலையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: மேல் நிரையில் கால் பட்டுப் பெயர்ந்த கல், கீழே ரோட்டுக்கு வந்துதான் நிற்கும். சரிவென்றால் உருளும். ஆனால் குவாண்டம் துணிக்கைகள் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

எதிரெதிரே பாயும் லேசர் கதிர்கள் கலக்கும்போது ஒளியிலேயே மேடுபள்ளங்கள் உருவாகின்றன. ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அரை அலைநீளம். மிகக் குளிர்ந்த அணுக்கள் அந்தப் பள்ளங்களில் வரிசையாக அமர்கின்றன. மேட்டை ஏறிக் கடக்காமலே அடுத்த பள்ளத்துக்கு ஊடுருவவும் செய்கின்றன.

ஒழுங்கற்ற பாதையில் துணிக்கை முடங்கிப்போகலாம் என்பதை பிலிப் அண்டர்சன் 1958இல் காட்டினார். தாறுமாறாகக் கல் கிடக்கும் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லே இல்லாத, சீரான சரிவில் ஏன் முடங்க வேண்டும்?

காரணம் சக்திக் கணக்கு. உருளும் கல் இழக்கும் அழுத்த சக்தி இயக்க சக்தியாக மாறுகிறது. அதற்கு உச்சவரம்பு இல்லை. ஒளிப் படிகளில் உள்ள அணுவின் இயக்க சக்திக்கு உச்சவரம்பு உண்டு. சில படி இறங்கியதும் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஏறுகிறது. சரிவு மிகச் செங்குத்தானால் ஒரு படிகூட இறங்க முடியாது. உருட்ட வேண்டிய செங்குத்தே கட்டிப்போடுகிறது!

இது தனி அணுவின் கதை. பல அணுக்கள் மோதினால் சக்தியைக் கைமாற்றிக்கொண்டு கலைந்துவிடாதா? செங்குத்தான சரிவில் அதுவும் எளிதல்ல. ஒன்று ஒரு படி இறங்கினால், பெரும்பாலும் மற்றொன்று ஒரு படி ஏறியாக வேண்டும். அப்படிப் பொருந்தும் நகர்வுகள் மிகச் சில.

ஜேர்மனியின் மியூனிக்கில் இமானுவேல் புளோக், மோனிகா ஐடல்ஸ்பேர்கர் குழுவினர் இதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். பொற்றாசியம்-40 அணுக்களை ஒன்றுவிட்ட பள்ளங்களில் நிரப்பி, காந்தப்புலத்தால் சரிவை உண்டாக்கினார்கள். சாதாரணமாக அந்த ஒழுங்கு விரைவில் அழிந்து எல்லாப் பள்ளங்களும் ஒரேமாதிரி ஆகியிருக்கும். இங்கே நெடுநேரம் கழித்தும் தொடக்க ஒழுங்கின் ஒரு பகுதி எஞ்சியிருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் மேரிலாண்டில் அயன்களைக் கொண்டும் இத்தகைய முடக்கம் காணப்பட்டது.

இருநூறு வருடமாக லயத்தில் முடங்கிய வாழ்க்கைக்கு இதை உவமையாக்கக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம், அந்த முடக்கம் இயற்கை விதியல்ல.

பௌதிகவியலாளர்களின் அக்கறை வேறு. தேநீரில் சீனி போல எல்லாம் கலந்து பழையதை மறப்பதே வெப்பவியலின் அடித்தளம். மறக்காத தொகுதி, குவாண்டம் தகவலைக் காக்க உதவக்கூடும். ஆனால் பரிசோதனை காட்டுவது நீண்ட நேரத்தை மட்டுமே. அந்த நினைவு என்றென்றும் நிற்குமா, மெல்லக் கசியுமா என்ற விவாதம் தொடர்கிறது.