படகை எங்கே நிறுத்துவது?

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் வீதியில் வடக்கே திரும்பினால், உப்புவெளியையும் சாம்பல்தீவையும் தாண்டிச் சுமார் 15 கிலோமீட்டரில் நிலாவெளி வந்துவிடும். பஸ்ஸில் வரலாம், ஓட்டோ பிடிக்கலாம், சொந்த வாகனத்தில் வந்தால் கடற்கரைக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கலாம். அங்கிருந்து கடலைப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பாறையும் பற்றைக்காடுமாக ஒரு தீவு தெரியும். அதுதான் புறாத்தீவு. பிள்ளைகளுக்குக் கடலுக்குள் நடப்பதைக் காட்ட இலங்கையின் கிழக்குக் கரையில் இதைவிட நல்ல அருங்காட்சியகம் இல்லை.

எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் வாகனத்தை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே நுழைகிறோம். காட்சிப் பொருளின் மேல் யாரும் வாகனத்தை நிறுத்துவதில்லை. புறாத்தீவில் அப்படி நடக்க இடமிருக்கிறது. படகு நிற்கும் நீருக்கு நேர் கீழே, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில், அந்தக் காட்சிப் பொருள்கள் உயிரோடு இருக்கின்றன. அதனால் எப்போது போவது, எங்கே நிறுத்துவது என்ற சாதாரணப் பயணக் கேள்விகளுக்குக்கூட இங்கே அறிவியலிடம்தான் விடை கேட்க வேண்டும்.

முதலில், எப்போது போவது? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். காலியும் கொழும்பும் மழையில் நனையும் அந்த மாதங்களில் திருகோணமலையில் வெயில் காயும். பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அலை பெரிதாக வளர வேண்டுமானால் காற்று நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். கரைக்கும் தீவுக்கும் இடையில் அந்தத் தூரம் இல்லை. எனவே கடல் அடங்கிக் கிடக்கிறது. மழை இல்லாததால் ஆறுகள் சேற்றைக் கொண்டுவருவதும் குறைவு, நீரும் தெளிந்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் இது அப்படியே தலைகீழாகும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து அலையைத் திரட்டிக்கொண்டு நேரே இந்தக் கரையில் மோதும். அந்த மாதங்களில் பிள்ளைகளோடு படகேறுவது புத்தியல்ல.

காலையில் போவது நல்லது என்று கரையில் உள்ளவர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. பிற்பகலில் நீர் கலங்குவதும் படகு ஆடுவதும் இதனால்தான்.

தீவு சிறியது. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 45 மீட்டர் உயரம். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. நம் ஊர்க் கோபுரங்களிலும் சந்தைக் கூரைகளிலும் வாழும் புறாக்களின் காட்டு முன்னோர் அவை. 1963-ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இத்தீவு, சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர் பரப்போடு 2003-இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு எடுத்துக்கொண்டுதான் படகேற வேண்டும்.

தீவில் இறங்கியதும் காலுக்குக் கீழே வெள்ளையாக, விரல் விரலாகக் கிடப்பவற்றைப் பிள்ளைகள் எலும்பு என்று நினைப்பார்கள். அவர்கள் நினைப்பதில் பெரிய தவறில்லை. அவை முருகைக்கல்லின், அதாவது பவளத்தின், எலும்புக்கூட்டுத் துண்டுகள். குனிந்து ஒரு துண்டைக் கூர்ந்து பார்த்தால் அதன் உடல் முழுக்கச் சிறு கிண்ணங்கள் தெரியும். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய சுவர்கள் ஓடுகின்றன. பொதுவாக அவை ஆறு ஆறாக, ஆறின் மடங்குகளாக அமைந்திருக்கும். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு விலங்கின் வீடாக இருந்தது. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும். செத்த துண்டாக இருந்தாலும் பூங்காவிலிருந்து எடுத்து வருவது சட்டவிரோதம்.

அந்த விலங்கின் பெயர் பாலிப். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஒரு வாய், அதைச் சுற்றிக் கொடுக்குள்ள விழுதுகள், உள்ளே ஒரு வயிறு, அவ்வளவுதான் உடல். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு சமைத்துப் பாலிப்புக்குக் கொடுக்கின்றன. பாலிப்புக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட இப்படிக் கிடைப்பதுண்டு. பாலிப் பாசிக்கு இடமும் சத்தும் தருகிறது. தெளிந்த நீர் ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். கலங்கிய நீரில் பாசிக்கு ஒளி இல்லை, பாலிப்புக்கு உணவு இல்லை. இப்படிக் கிடைக்கும் ஆற்றலில் பாலிப் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தன் அடியில் கல்லாக அடுக்குகிறது. ஆயிரமாயிரம் பாலிப்புகள் சேர்ந்து அடுக்கியதே நாம் பவளப்பாறை என்றும், மீனவர் பார் என்றும் சொல்வது. உலகக் கடற்தரையில் பவளப்பாறைகளின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அவற்றை நம்பி இருக்கிறது.

இந்தக் கட்டுமானம் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதில்தான் நிறுத்துமிடத்தின் கதை இருக்கிறது. மான்கொம்பு போலக் கிளைக்கும் வகைகள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் அளவு வளரக்கூடியவை. உருண்டைப் பாறையாகத் திரளும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். மையத்திலிருந்து ஓரம் வரை அரை மீட்டர் இருக்கும் ஓர் உருண்டை, நம் தாத்தா பாட்டி இளமையாக இருந்த காலத்தில் முளைத்திருக்கலாம். வயதை எப்படி அறிகிறார்கள்? பசிபிக் கடலில் எனிவெட்டாக் பவளத்தீவில் அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. அங்கே வளர்ந்த பவளங்களை வெட்டி எக்ஸ்ரே எடுத்தபோது அடர்ந்த பட்டையும் ஐதான பட்டையும் மாறி மாறி வந்தன. சோதனைகள் நடந்த ஆண்டுகளின் கதிரியக்கத் தடமும் அந்தப் பட்டைகளில் பதிந்திருந்தது. ஒரு சோடிப் பட்டை ஓர் ஆண்டு என்பதை டேவிட் நட்சன், ராபர்ட் படெமையர், ஸ்டீபன் ஸ்மித் ஆகியோர் 1972-இல் வெளியிட்டார்கள். இந்த அருங்காட்சியகத்தின் ஒவ்வொரு காட்சிப் பொருளும் தன் பிறந்த ஆண்டைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது.

இதன் மேல் நங்கூரம் விழுந்தால் என்ன ஆகும்? நங்கூரம் படகைப் பிடித்து நிறுத்துவது தன் பாரத்தால் மட்டுமன்று. அதன் அலகு தரைக்குள் புதைய வேண்டும். கயிறு கிடையாக இழுத்தால்தான் அது ஆழப் புதையும் என்பதால் நீரின் ஆழத்தைப்போலப் பல மடங்கு நீளத்துக்குக் கயிறு விடுகிறார்கள். சேறும் மணலும் உள்ள தரையில் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்யும். திருகோணமலைத் துறைமுகத்தில் எத்தனையோ தலைமுறைக் கப்பல்கள் அப்படித்தான் நின்றன. பாரில் புதைய எதுவும் இல்லை. அலகு ஒரு கிளையில் கொழுவும், கிளை முறியும், படகு நகரும், அலகு அடுத்த கிளையைத் தேடும். சங்கிலியின் வேலை இதைவிட மோசம். காற்று திசை மாற, படகு நங்கூரத்தைச் சுற்றித் திரும்புகிறது. தரையில் கிடக்கும் 5 மீட்டர்ச் சங்கிலி முழு வட்டம் அடித்தால் ஏறத்தாழ 78 சதுர மீட்டர்ப் பரப்பை அரைத்துவிடும். அரை மணி நேரம் நின்ற ஒரு படகால் அரை நூற்றாண்டு வளர்ச்சி போய்விடலாம்.

முறிந்தது மறுபடி வளராதா என்று கேட்கலாம். அதற்கு இந்தக் கடலுக்கு வரும் வேறொரு பயணியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பவள இனங்கள் பலவும் ஆண்டின் குறிப்பிட்ட சில இரவுகளில், பெரும்பாலும் பூரணையை அடுத்த நாட்களில், முட்டைகளையும் விந்தையும் ஒரே நேரத்தில் நீரில் விடுகின்றன. கருவுற்ற முட்டையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குடம்பி பிறந்து நீரோட்டத்தோடு மிதந்து போகிறது. அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஆனாலும் கரீபியன் கடலின் குராசோ தீவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, பவளக் குடம்பிகள் பாரின் ஓசை வரும் பக்கம் நகர்வதைக் காட்டியது. இறால்கள் சொடுக்குவதும் மீன்கள் பாரைக் கொறிப்பதுமாகப் பார் எப்போதும் சத்தமானது. நீருக்குள் தலையை வைத்தால் நமக்கும் கேட்கும். பார் வந்ததும் குடம்பி தரையைத் தடவித் தேடுகிறது. பாறையில் படரும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசியின் வேதிச் சைகை கிடைத்தால் அங்கே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தை விட்டு அது பிறகு நகர்வதில்லை. வாழ்நாளுக்கும் ஒரே தரிப்பிடம்.

அந்தத் தரிப்பிடம் அசையாமல் இருக்க வேண்டும் என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். நங்கூரம் நொறுக்கிய துண்டுகள் ஒவ்வோர் அலைக்கும் உருளும். அவற்றில் ஒட்டிய குடம்பி புரண்டு நசுங்கும், அல்லது மணலில் மூடுண்டு சாகும். இந்தோனேசியாவின் கொமோடோப் பகுதியில் வெடிவைத்து மீன்பிடித்து நொறுங்கிய பார்கள், வெடி நின்ற பிறகும் பல ஆண்டுகள் மீளாமல் வெறும் கற்குவியலாகக் கிடந்தது இதனால்தான். சுற்றிலும் குடம்பிகள் போதிய அளவு வந்தும், அவை நிலைகொள்ள உறுதியான தரை இல்லை.

புறாத்தீவின் பாருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1998-இல் கடல் அளவுமீறிச் சூடானபோது இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் பவளங்கள் வெளுத்து மடிந்தன. ஹிக்கடுவை பெரிதும் இழந்தது. திருகோணமலைப் பார் பெரும்பாலும் தப்பியது. யுத்தம் முடிந்த 2009-க்குப் பிறகு வருகையாளர் பெருகினார்கள். கூடவே நங்கூரங்களும் கால்களும் பெருகின. கடலின் சூட்டை நிலாவெளியில் நின்று நாம் குறைக்க முடியாது. நங்கூரத்தை எங்கே போடுவது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது.

அதற்கு வழியும் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் புளோரிடாவில், கீ லார்கோ கடற்சரணாலயத்தில் பணியாற்றிய ஜோன் ஹாலஸ் என்ற உயிரியலாளர் 1981-இல் ஒரு முறையை அமைத்தார். உயிருள்ள பவளத்தைத் தொடாமல், வெறும் பாறையில் ஒரு துளை இட்டு, துருப்பிடிக்காத உருக்குக் கம்பியைச் சீமெந்தால் பதிப்பார்கள். கம்பியின் வளையத்திலிருந்து கயிறு மேலே வந்து ஒரு மிதவையில் முடியும். வரும் படகு நங்கூரம் போடாமல் மிதவையில் கட்டிக்கொள்ளும். மணல் தரையானால் துளைக்குப் பதில் பெரிய திருகாணியை இறுக்குவார்கள். ஒரே துளை, பல ஆண்டுகளுக்கு நூற்றுக்கணக்கான படகுகளைத் தாங்கும். இம்முறை இன்று உலகின் பல கடற்பூங்காக்களில் இருக்கிறது. மிதவை இல்லாத இடத்தில் மணல் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் மணற்தரை வெளிர் பச்சையாகவும் பார் கருமையாகவும் தெரியும். நிலாவெளிப் படகோட்டிகளுக்கு அது உள்ளங்கை ரேகை போலப் பழக்கமானது.

படகு நின்ற பிறகு நம் கால்கள் நிற்குமிடமும் அதே அளவு முக்கியம். உலகின் முதல் சிறுவர் அருங்காட்சியகம் 1899-இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் திறக்கப்பட்டது. பிள்ளைகள் தொட்டுப் பார்த்துக் கற்கட்டும் என்ற எண்ணம் அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. புறாத்தீவில் கண்ணால் மட்டுமே கற்க வேண்டும், அதற்கு முகக்கண்ணாடி போதும். நம் கண்ணில் ஒளியைக் குவிக்கும் வேலையில் பெரும்பங்கு விழிவெண்படலத்துடையது. அது காற்றிலிருந்து வரும் ஒளியைத்தான் நன்றாக வளைக்கும். நீரும் விழிவெண்படலமும் ஒளியை வளைக்கும் விதத்தில் ஏறத்தாழ ஒன்று என்பதால் நீருக்குள் வெறுங்கண்ணுக்கு எல்லாம் மங்கிப்போகிறது. கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று அந்தப் பார்வையைத் திருப்பித் தருகிறது. உயிர்காப்பு அங்கி பிள்ளையை மிதக்க வைக்கும். களைத்தாலும் பாரின் மேல் கால் ஊன்ற வேண்டி வராது. கிளிமீன் பாரைக் கொறிப்பதையும், அதிர்ஷ்டம் இருந்தால் கருமுனைச் சுறாக்குட்டி ஆளைக் கண்டு விலகிப் போவதையும் மிதந்தபடியே பார்க்கலாம்.

ஆகவே, நிலாவெளிக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படகுக் கூலி பேசும்போதே, ஏறுவதற்கு முன், பிள்ளைகளின் காதில் விழும்படி கேளுங்கள்: “அண்ணா, நங்கூரத்தை மணல்லதானே போடுவீங்க?” பத்துப் பேர் கேட்டால் அது வழக்கமாகிவிடும். மிதவைகள் வேண்டும் என்று பூங்கா அலுவலர்களிடமும் சொல்லுங்கள். இந்த அருங்காட்சியகத்தில் உடைந்ததைத் திருப்பி வாங்கி வைக்க எந்தக் கடையும் இல்லை.