மைதா தொடாத பிறந்தநாள் விருந்து

இன்றைய பிறந்தநாள் விருந்துத் தட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேக் துண்டு, வெஜ் பஃப்ஸ் அல்லது சமோசா, நூடுல்ஸ், கிரீம் பிஸ்கட், ஓரத்தில் கொஞ்சம் சிப்ஸ். சிப்ஸைத் தவிர மற்ற எல்லாமே மைதா. வந்திருக்கும் குழந்தைகளில் ஒருவருக்குச் சீலியாக் நோய் இருந்தால், அந்தத் தட்டில் அந்தக் குழந்தைக்கு மிஞ்சுவது சிப்ஸ் மட்டும்தான். சமோசா பொரித்த எண்ணெயிலேயே சிப்ஸையும் பொரித்திருந்தால் அதுவும் இல்லை.

இத்தனைக்கும் காரணம் குளூட்டன் என்ற புரதம். கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் விட்டுப் பிசையும்போது இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகிவிடுகின்றன. மாவு இழுபடுவதற்குக் கிளையடின் காரணம். இழுத்து விட்டதும் சுருங்கிக்கொள்வதற்குக் குளூட்டெனின் காரணம். இந்த வலையின் பலத்தைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், பரோட்டாக் கடை போதும். எண்ணெயில் ஊறிய உருண்டையை மாஸ்டர் தட்டி, தூக்கி வீசுகிறார். ஒவ்வொரு வீச்சிலும் மாவு அகன்று, அடியில் இருக்கும் கல் தெரிகிற அளவுக்கு மெலிகிறது; ஆனால் கிழிவதில்லை. அரிசி மாவை இப்படி வீசிப் பார்த்தால் முதல் வீச்சிலேயே சிதறிவிடும். அரிசியில் புரதம் உண்டு, இந்த வலை கிடையாது.

இத்தாலியின் பொலோனா நகரில் 1728-இல் யாக்கோப்போ பெக்காரி என்ற அறிஞர் கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவிக் கழுவி மாவுச்சத்தை நீக்கினார். கடைசியில் அவர் கையில் ரப்பர் போன்ற ஒரு பசை மிஞ்சியது. அதுதான் குளூட்டன். மைதா உருண்டையைக் குழாயடியில் வைத்துப் பிசைந்தால் யார் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பவர்கள் பிழிந்து ஒதுக்கும் சக்கையிலும் இந்தப் பசைதான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பாலோடும் போய்விடும். எவ்வளவு நேரம் கிண்டினாலும் சூட்டில் குளூட்டன் அழியாது. ஆகவே சீலியாக் உள்ள குழந்தைக்கு அல்வா ஆகாது.

பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே குடும்பத்துப் புரதங்கள் உண்டு. ரை நம் பக்கம் அபூர்வம். பார்லியை அப்படி விட்டுவிட முடியாது. மால்ட் சேர்த்த சத்துபானங்கள், கார்ன்ஃபிளேக்ஸ், சில சாக்லேட்டுகள் வழியாக அது வீட்டுக்குள் வருகிறது.

சீலியாக்கைப் பலர் அஜீரணம் என்றோ ஒவ்வாமை என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். இது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்கும் நோய். அதற்கான மரபணு உள்ளவர்களில் சிலருக்கு, குளூட்டன் குடலுக்குள் வந்ததும் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. குழந்தை வயிறார உண்டாலும் இரும்பும் கால்சியமும் உடம்பில் ஒட்டுவதில்லை. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரமின்மை என்று அறிகுறிகள் பல. மருந்து இன்னும் வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே சிகிச்சை. தவிர்த்தால் குடல் மறுபடி தேறிக்கொள்கிறது, குழந்தையும் மளமளவென்று வளர்கிறது.

குற்றவாளி கோதுமைதான் என்று தெரியவே வெகுகாலம் ஆயிற்று. 1888-இல் சாமுவேல் கீ என்ற லண்டன் மருத்துவர் இந்த நோயைத் தெளிவாக விவரித்து, குணமானால் அது உணவால்தான் நடக்கும் என்று சொன்னார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1924-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முதன்மையாக வைத்து ஒரு பத்தியம் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள், புகழ் வாழைப்பழத்துக்குப் போயிற்று. அந்தப் பத்தியத்தில் ரொட்டியை விலக்கியதுதான் காரணம் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. ஹாலந்தின் ஹேக் நகரில் குழந்தைகள் மருத்துவரான வில்லெம் டிக்கேவுக்கு மட்டும் கோதுமையின் மீது முன்பிருந்தே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், அந்த நாட்டின் மேற்குப் பகுதியைப் பஞ்சம் பிடித்து உலுக்கியது. ரொட்டிக்கு வழியில்லாமல் மக்கள் துலிப் கிழங்குகளைக்கூடத் தின்றார்கள். ஊரே வாடிக் கிடந்த அந்த நாட்களில் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. டிக்கே சோதனைகளைத் தொடர்ந்து, 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் கோதுமையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். சீலியாக் குழந்தைகளால் இன்று நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது என்றால் அதில் பெரும்பங்கு இவருடையது.

இந்தியாவில் மூன்று பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 100 பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே 1,000 பேரில் ஒருவர் அளவிலும் தென்பட்டது. தெற்கே ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை சராசரி 25 கிராம், வடக்கே 455 கிராம். மரபணுவில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் குழந்தைகளின் காலை உணவு இட்லியிலிருந்து பிரெட்டுக்கும் நூடுல்ஸுக்கும் நகர்ந்துகொண்டிருக்கும்போது இந்தக் கணக்கு கவலைக்குரியது. தமிழ்நாட்டில் அபூர்வம் என்று யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆனால் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் ரத்தத்தில் தெரியாமல் போய்விடும். மருத்துவரைப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும்.

இனி விருந்துக்கு வருவோம். சீலியாக் குழந்தைக்குத் தனித்தட்டு வைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அது வேண்டாம். குழந்தைகள் ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்பார்கள், ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்துக்கும் போகும். அதைவிட, கூட்டத்தில் ஒரு குழந்தை மட்டும் வேறு எதையோ சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதற்கு வலிக்கும். விருந்து முழுவதையும் குளூட்டன் இல்லாமல் செய்துவிடலாம். தமிழ்ச் சமையலறையில் அது சிரமமே இல்லை.

மினி இட்லி, குட்டித் தோசை, இடியாப்பம், சேவை, குழிப்பணியாரம், உளுந்து வடை, முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், தேங்காய் பர்ஃபி, மைசூர்பாகு. இவை எதற்கும் கோதுமை தேவையில்லை. இட்லிக்கு உள்ளே ஒரு நல்ல அறிவியலே இருக்கிறது. குளூட்டன் வலை இல்லாமல் இட்லி எப்படி உப்புகிறது? புளிக்கும்போது நுண்ணுயிரிகள் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. உளுந்தில் உள்ள குளோபுலின் புரதமும், வழவழப்பைத் தரும் அராபினோகேலக்டன் என்ற பொருளும் அந்தக் குமிழ்களைக் கலையாமல் பிடித்து வைக்கின்றன. ரொட்டியில் குளூட்டன் செய்யும் வேலையை இங்கே உளுந்து செய்துவிடுகிறது.

இனிப்பு வாங்கும்போது கவனம் வேண்டும். ஜாங்கிரி உளுந்தில் செய்வது, ஜிலேபி மைதாவில் செய்வது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். பாதுஷா மைதா. குலாப் ஜாமூன் மாவிலும் மைதா உண்டு. ரவையும் சேமியாவும் கோதுமையே என்பதால் கேசரியும் சேமியாப் பாயசமும் கிடையாது. பாசிப்பருப்புப் பாயசம் வைத்துவிடலாம். ராகி பிஸ்கட், சிறுதானிய கேக் என்று விற்பவற்றைப் பெயரை நம்பி வாங்கிவிடக் கூடாது; பலவற்றில் மைதாவோ கோதுமையோ கலந்திருக்கும்.

கேக் இல்லாமல் பிறந்தநாளா என்று குழந்தை கேட்கும். தாராளமாகச் செய்யலாம். ரொட்டிக்குத்தான் குளூட்டன் உயிர். கேக் மாவை யாரும் அழுத்திப் பிசைவதில்லை, பிசைந்தால் கேக் கெட்டியாகிவிடும். கேக்கைத் தாங்கி நிறுத்துவது பெரும்பாலும் முட்டையும் மாவுச்சத்தும். அரிசி மாவோடு பாதாம் பொடி சேர்த்து, முட்டையை நுரைக்க அடித்தால் நல்ல கேக் வரும். முட்டை சேர்க்காத வீடுகளில் மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி கொஞ்சம் சேர்த்தால் மாவைப் பிடித்து வைக்கும். பாதாம் சேர்ப்பதானால் வருகிற குழந்தைகளில் யாருக்கும் கொட்டை ஒவ்வாமை இல்லையே என்று கேட்டுக்கொள்வது அவசியம். கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் செய்கிற வட்டயப்பம் இன்னும் எளிது: அரிசி, தேங்காய், சர்க்கரை சேர்த்துப் புளிக்க வைத்து வட்டப் பாத்திரத்தில் ஆவியில் வேக வைப்பது. மெழுகுவர்த்தி அதன் மேல் நன்றாகவே நிற்கும். மைதா பயன்படுத்தும் பேக்கரியில் சொல்லிச் செய்து வாங்குவது மட்டும் சரிவராது. அங்கே மைதாத் தூள் காற்றிலேயே இருக்கும்.

பலருக்கும் தெரியாத ஆபத்து அஞ்சறைப்பெட்டிப் பக்கம் இருக்கிறது. பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவது. அதன் காட்டம் தாங்க முடியாதது என்பதால் கருவேலம் பிசினும் மாவும் கலந்து விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், வடை, முறுக்கு என்று எல்லாவற்றிலும் பெருங்காயம் போகிறது. பாக்கெட்டின் பின்புறம் படித்துப் பார்த்து, அரிசி மாவு கலந்ததை வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் அன்றைக்குப் பெருங்காயமே வேண்டாம். பூண்டும் சீரகமும் போதும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று தோன்றலாம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனால் குடல் பழுதாகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. 10 மில்லிகிராம் வரை பெரும்பாலோர் தாங்குவார்கள். 100 கிராம் மைதாவில் ஏறத்தாழ 8 கிராம் குளூட்டன் இருக்கிறது. அப்படியானால் 10 மில்லிகிராம் என்பது ஒரு கிராம் மைதாவில் எட்டில் ஒரு பங்கு; விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவு. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்ப்பதும், கோதுமை அரைத்த மாவு மில்லில் ராகி அரைத்து வாங்குவதும் ஏன் கூடாது என்பது இந்தக் கணக்கில் புரியும். ராகியைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்ளலாம். எண்ணெயும் புதிதாக இருக்கட்டும்.

கவனிக்க இன்னும் சில உண்டு. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். ஐஸ்கிரீமை கோனில் கொடுக்காமல் கப்பில் கொடுக்கலாம். தோரணம் ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசையையும், குழந்தைகள் உருட்டி விளையாடும் வண்ண மாவையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமையில் செய்தது. உருட்டிய கை நேராக வாய்க்குப் போகும். கடையில் வாங்குவதென்றால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பண்டத்துக்கே ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிடலாம். ‘கோதுமை இல்லாதது’ என்று மட்டும் போட்டிருந்தால் பார்லி இருக்கக்கூடும்.

அழைப்பிதழ் கொடுக்கும்போதே அந்தக் குழந்தையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: சீலியாக்கா, கோதுமை ஒவ்வாமையா? ஒவ்வாமை என்றால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறல்கூட வரலாம், அவசர மருந்து என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். சமைத்த பொருட்களின் பாக்கெட்டுகளைக் குப்பையில் போடாமல் விருந்து முடியும்வரை எடுத்து வையுங்கள். அந்த அம்மா வந்து அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால் தப்பாக நினைக்காமல், பெருங்காய டப்பாவையும் சேர்த்து எடுத்துக் கொடுங்கள்.