டிக்கெட் எடுக்கும் முன் பேச வேண்டிய பயம்

பள்ளி விடுமுறைக்கு மலிவு டிக்கெட் அறிவிப்பு வந்துவிட்டால் ஜோகூரின் ஸ்கூடாய் வீடுகளில் பேச்சு சூடு பிடித்துவிடும். திருச்சிக்கா, பாலிக்கா, கோத்தா கினபாலுவுக்கா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அதில் ஒருவர் மட்டும் வாய் திறக்க மாட்டார். கடைசியில், "நீங்கல்லாம் போய்ட்டு வாங்க, வீட்டை யாராவது பாத்துக்கணுமில்ல" என்பார். அடுத்த முறை முழங்கால் வலி, அதற்கடுத்த முறை வேலையில் லீவு கிடைக்கவில்லை. உண்மைக் காரணம் விமானம். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம், கேட்க மற்றவர்களுக்குத் தோன்றுவதில்லை.

வற்புறுத்தி டிக்கெட் எடுத்தபின், புறப்படும் நாளன்று செனாய் விமான நிலையத்தில் அவர் கால் நகராமல் நின்றுவிட்டால் அந்தக் குடும்பத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. விமான நிறுவனத்தின் தவறுக்குத்தான் பயணிக்கு உரிமை உண்டு. பயத்தால் பயணி பின்வாங்கினால் பெரும்பாலும் நஷ்டம் அவருடையதே. ஆகவே இந்தப் பயத்தைப் பற்றிப் பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும்.

நம் வட்டாரத்தில் இந்தப் பயத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. 1977 டிசம்பர் 4 அன்று பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போன எம்எச்653 விமானம் கடத்தப்பட்டு, இதே ஜோகூரில் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்தது. அதில் இருந்த 100 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கேலாங் பாத்தா பக்கம் வாழ்ந்த பெரியவர்களுக்கு அது செய்தித்தாளில் மட்டும் படித்த விஷயமல்ல. 2014இல் எம்எச்370 விமானம் 239 பேரோடு காணாமல் போனது. அதே ஆண்டு ஜூலையில் எம்எச்17 உக்ரைன் வான்வெளியில் சுடப்பட்டு 298 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் உயிர் தப்பினார். அது விழுந்த காணொளி நம் எல்லோர் வாட்ஸ்அப்பிலும் சுற்றி வந்தது. இத்தனையையும் பார்த்த ஒருவரிடம் "சும்மா பயப்படாதே" என்று சொல்வதில் பயனில்லை.

எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது என்பதும் உண்மை. அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018 முதல் 2022 வரை உலகில் விமானம் ஏறிய ஒவ்வொரு 1 கோடியே 37 லட்சம் முறைக்கு ஒரு மரணம்தான் நிகழ்ந்திருக்கிறது. ஆனால் பயம் எண்ணிக்கைக்குக் கட்டுப்படாது. மருத்துவம் இதை ஃபோபியா என்கிற அச்சநோய் வகையில் சேர்க்கிறது. எல்லோருக்கும் பயம் ஒன்றல்ல. ஒருவருக்கு விமானம் விழுந்துவிடும் என்ற பயம். இன்னொருவருக்குக் கதவை மூடிவிட்டால் வெளியே போக முடியாதே என்ற பயம். மூன்றாமவருக்கு, நடுவானில் மூச்சுத் திணறி நாலு பேர் முன்னால் மானம் போய்விடுமோ என்ற பயம். எது என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும். "எந்த நேரத்துல உங்களுக்கு அதிகமா படபடன்னு வருது மாமா?" என்று பொறுமையாகக் கேட்பதே முதல் வேலை.

இந்தப் பயம் நம்மவர்களுக்குக் கூடுதல் சுமையாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு காலத்தில் ஊருக்குப் போகக் கப்பல் இருந்தது. ரஜுலாவும், அதன்பின் எம்.வி. சிதம்பரமும் சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடின. 1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் தீப்பிடித்து உயிர்கள் பலியாயின. அதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. இன்று தாத்தாவின் ஊரில் ஒரு கல்யாணம், ஒரு கருமாதி, ஒரு குலதெய்வப் பூசை என்றால் விமானம் தவிர நடைமுறையில் வேறு வழியில்லை. பயம் உள்ளவர் இழப்பது வெறும் உல்லாசப் பயணத்தை அல்ல. அம்மாவின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல் போனவர் அதை வாழ்நாள் முழுவதும் சுமக்கிறார்.

பணத்துக்கு வருவோம். மலேசியாவில் விமானப் பயணிகளைக் காப்பது 2016ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு. விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவும் தொடர்புகொள்ளும் வசதியும் தர வேண்டும். 5 மணி நேரம் தாண்டி, இரவு தங்க வேண்டி வந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. எந்த வழியில் செலுத்தினீர்களோ அதே வழியில் 30 நாளில் அது வந்து சேர வேண்டும். பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பயம் உள்ளவருக்கு இது முக்கியம். ஐந்து மணி நேரம் காத்திருந்து நரம்பெல்லாம் தளர்ந்தபின் "இன்னிக்கு வேணாம்" என்று பணத்தோடு வீடு திரும்ப அவருக்கு அப்போது உரிமை உண்டு.

நேரத்துக்குக் கிளம்பும் விமானத்தில் ஏறாமல் நின்றுவிட்டால் அந்த உரிமை இல்லை. 'பணம் திரும்பாது' என்ற நிபந்தனையுள்ள டிக்கெட்டின் கட்டணம் போனதுதான். ஆனாலும் அதில் அடங்கியிருந்த விமான நிலைய வரியை மனுச்செய்து திரும்பப் பெறலாம். சிறு தொகை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது கணிசமானது. இன்னொரு பொறி: போக, வர ஒன்றாக எடுத்த டிக்கெட்டில் முதல் பயணத்தைத் தவறவிட்டால் திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று யோசிப்பவர்கள் தனித்தனி ஒருவழி டிக்கெட்டாகவே எடுக்க வேண்டும்.

நம் பக்கத்தில் பலர் பாலம் கடந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து பறப்பதால் இதையும் சொல்ல வேண்டும். மலேசிய விதித்தொகுப்பு மலேசியாவுக்கு வரும், மலேசியாவிலிருந்து போகும் விமானங்களுக்குத்தான் பொருந்தும். சிங்கப்பூர்–திருச்சி விமானத்தில் தாமதம் என்றால் நம் கடப்பிதழைக் காட்டி மலேசிய உரிமையைக் கேட்க முடியாது. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா மூன்றுமே உறுப்பினராக உள்ள 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை, தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்க வழி தருகிறது. அதற்கு ரசீதுகள் கையில் இருக்க வேண்டும்.

பயணக் காப்புறுதி எடுத்தால் போதும் என்ற நம்பிக்கையும் ஆபத்து. பெரும்பாலான திட்டங்களில் 'பயணம் செய்ய மனமில்லாமை'க்கு இழப்பீடு கிடையாது. முன்பே இருந்த மனநலப் பிரச்சினைகளையும் பல திட்டங்கள் விலக்கிவைக்கின்றன. விலக்குப் பகுதியைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோரிக்கையை நியாயமில்லாமல் மறுத்தால் 2025 ஜனவரியில் உருவான நிதிச் சந்தை ஆம்புட்ஸ்மன் சேவையை அணுகலாம்.

இனி, பயத்தை அடக்கப் போடும் மாத்திரை. இதில்தான் எனக்குக் கவலை அதிகம். "என் அக்கா சாப்பிடுறது, ஒண்ணு போட்டா தூங்கிடலாம்" என்று டிஷ்யூ தாளில் சுற்றிய பாதி அட்டை கைமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் பெயர் இல்லை, மருந்தகத்தின் லேபிள் இல்லை, எத்தனை மில்லிகிராம் என்பதும் கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது. டயசிபாம், அல்பிரசோலாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை. ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் வைத்திருப்பது சட்டச் சிக்கல். அதையே பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோனால் சிக்கல் இரட்டிப்பாகும். சிங்கப்பூருக்குள் சில தூக்க மாத்திரைகளையும் பதற்றத்துக்கான மாத்திரைகளையும் கொண்டுசெல்ல அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். உங்கள் பெயர் ஒட்டிய மூலப் பொட்டலமும் மருத்துவர் கடிதமும் இருந்தால்கூட, பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள்.

உடம்புக்கும் ஆபத்துகள் உண்டு. இந்த மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். மணிக்கணக்காக அசையாமல் தூங்கினால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். அதோடு இது பயத்தைத் தீர்ப்பதும் இல்லை. விமானப் பயம் உள்ள 28 பெண்களிடம் வில்ஹெல்ம், ரோத் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், முதல் பயணத்தில் அல்பிரசோலாம் சாப்பிட்டவர்கள், ஒரு வாரம் கழித்து மாத்திரை இல்லாமல் பறந்தபோது, முன்பு வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாகப் பீதியடைந்தார்கள். பயத்தைத் தாண்டிப் பழக மூளைக்குக் கிடைத்த வாய்ப்பை மாத்திரை பறித்துவிட்டது. மருத்துவர் உங்களைப் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் அது வேறு. பாட்டிக்குத் தெரியாமல் காப்பியில் கலந்து கொடுத்து விமானம் ஏற்றுவது எவ்வளவு பாசத்தோடு செய்தாலும் குற்றம். அவர் உயிருக்கும் ஆபத்து.

பயத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பயப்படும் பொருளைச் சிறுசிறு படியாக, பாதுகாப்பாக எதிர்கொள்ளப் பழக்குவதுதான் அதன் சாரம். தாமான் யுனிவர்சிட்டி அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட் கட்டணம். அங்குள்ள மருத்துவரிடம் "விமானம்னா பயம், நெஞ்சு படபடக்குது" என்று அப்படியே சொல்லலாம். தேவையென்றால் அவர் நிபுணரிடம் அனுப்புவார். தம்போய் பெர்மாய் மனநல மருத்துவமனை என்றால் நம்மவர்கள் முகம் சுளிப்பது தெரியும். அங்கே போனால் பைத்தியம் என்று பேர் வந்துவிடும் என்ற பயம், விமானப் பயத்தைவிடப் பலரை முடக்குகிறது. அங்கே இருப்பவர்கள் இந்தத் துறையில் பயின்ற மருத்துவர்கள். யாரிடமாவது பேசினால் போதும் என்ற நிலையில் இருந்தால், சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555க்கு அழைக்கலாம்.

படிப்படியாக என்றால் இப்படி. முதல் வாரம் செனாய்க்குப் போய் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்து, யாரையாவது வழியனுப்பப் போய்ப் புறப்பாட்டுக் கூடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு செனாயிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரப் பயணம். திரும்பும்போது தைரியம் இல்லையென்றால் ரயில் இருக்கிறது. நாலு மணி நேரத் திருச்சிப் பயணம் அதற்கப்புறம்தான். காலை விமானமாக எடுங்கள். நம் பக்கத்து இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும். இறக்கையை ஒட்டிய இருக்கையில் குலுக்கல் குறைவு. இருக்கை வாரை எப்போதும் போட்டிருங்கள். 2024 மே மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ321 திடீரென்று குலுங்கியபோது பலத்த காயம் பட்டவர்களில் பலர் வார் போடாதவர்கள்.

இந்த ஆண்டு விமானமே வேண்டாம் என்று முடிவெடுப்பதிலும் குறைவில்லை. 2025 டிசம்பர் முதல் ஜேபி சென்ட்ரலிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் மின்ரயில் ஓடுகிறது. அங்கிருந்து ஈப்போ, பட்டர்வொர்த், பாடாங் பெசார் வரை போகலாம். எல்லையில் தாய்லாந்து ரயில் காத்திருக்கும். ஸ்துலாங் லாவுத், புத்ரி ஹார்பர் துறைகளிலிருந்து பாத்தாமுக்குப் படகு உண்டு. மெர்சிங் வழியாகத் தியோமான் போகலாம். விமானத்தைத் தவிர்ப்பதற்காக ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் காரோட்டிப் போவதுதான் கூடாது. நம் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் விமானத்துக்குப் பயந்து அமெரிக்கர்கள் காரில் போனதால், ஓராண்டில் சாலையில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்ததாக ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். பேருந்தில் போனாலும் வாரைப் போடுங்கள்; வார் வேலை செய்யாத இருக்கையை மாற்றிக் கேளுங்கள்.

சுற்றுலா முகவரிடம் பணம் கட்டுவதானால் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். "ஒருவர் வராமல் போனால் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதி வரை?" என்ற கேள்விக்கு ரசீதிலேயே பதில் எழுதி வாங்குங்கள். ஒப்புக்கொண்டதைத் தராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விமான நிறுவனத்தின் மீது புகார் என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போங்கள். முன்பு இத்தகைய புகார்களைக் கவனித்த மாவ்காம் ஆணையத்தின் பொறுப்புகள் 2025 ஆகஸ்ட் 1 முதல் அதனிடம்தான் உள்ளன.

ஏறும் நாளன்று வாசலில் நிற்கும் விமானப் பணியாளரிடம் "எனக்குப் பறக்கப் பயம்" என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது பழக்கமானது. நடுவில் வந்து விசாரிப்பார்கள். உள்ளே உட்கார்ந்த பிறகும் முடியவில்லை என்றால், கதவு மூடுவதற்கு முன் அவர்களிடம் சொல்லி இறங்கிக்கொள்ளலாம். உங்கள் பெட்டியைத் தேடி இறக்க வேண்டியிருப்பதால் விமானம் தாமதமாகலாம், டிக்கெட் பணமும் வராது. அப்படி நடக்க வாய்ப்பு இருப்பதாக நினைத்தால் பெட்டியைச் சரக்கில் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். வீட்டுச் சாவியும் மருந்தும் கடப்பிதழும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். யார் உங்களோடு இறங்குவது, யார் பயணத்தைத் தொடர்வது என்பதை முதல் நாள் இரவே குடும்பத்தோடு முடிவுசெய்துவிடுங்கள்.