ஈன்றெடுக்காத பிள்ளைகளின் அன்னை

கோபுரம் எழுப்புவது திருப்பணி. ஆதரவற்ற பிள்ளையை ஆளாக்குவதும் அதற்குக் குறைந்ததன்று என வாழ்ந்து காட்டியவர் அன்னை மங்களம் அவர்கள்.

1926இல் சிங்கப்பூரில் பிறந்த அன்னையார், கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தர் தோற்றுவித்த சுத்த சமாஜத்தில் இணைந்து தொண்டாற்றினார். 1961இல் சுவாமிகள் மறைந்தபின், சமாஜத்தின் தலைமையும் இல்லத்துப் பிள்ளைகளின் எதிர்காலமும் அவர் பொறுப்பாயின. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, இன, சமய வேறுபாடு பாராது உணவும் கல்வியும் பண்பும் அளித்துத் தாயாய் நின்றார். 2023இல், தமது 97ஆம் வயதில் இறையடி சேர்ந்தார்.

திருவிழாக் காணும் அன்பர்களே! ஒருநாள் அன்னதானம் பசியாற்றும். நாள்தோறும் காட்டும் பரிவே பிள்ளையை ஆளாக்கும். இறைவனுக்குச் செலுத்தும் காணிக்கையோடு, அருகிலுள்ள இல்லத்துப் பிள்ளைகளையும் நெஞ்சில் இருத்துவோமாக!