‘ஷல்’, ‘மே’: வன உரிமைச் சட்டத்தின் இரு துணைவினைகளும் தமிழாக்கமும்

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை, மலையாளிப் பழங்குடியினரின் வாழ்விடமாகும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இத்தகைய மக்களின் வன நில உரிமையை அங்கீகரிக்கிறது. அதன் நுட்பங்கள் ஆங்கில வாசகத்தில் அமைந்துள்ளன. உரிமை கோரப்படும் கிராம சபையிலோ தமிழே வழங்குகிறது. எனவே ‘ஷல்’, ‘மே’ என்னும் துணைவினைகளின் வேறுபாட்டையும் அதற்கு இணையான தமிழ் வடிவங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கண இயல்பு

ஆங்கிலத்தில் இவ்விரண்டும் முதன்மை வினைக்கு முன் வரும். ‘மே’ இசைவையோ வாய்ப்பையோ உணர்த்தும். தமிழின் ‘-லாம்’ ஈறும் அவ்விரு பொருளையும் தரும். ‘ஷல்’ பள்ளி இலக்கணத்தில் எதிர்காலத் துணைவினையாகக் கற்பிக்கப்படுகிறது; சட்ட நடையில் அது பெரும்பாலும் கடப்பாட்டையே குறிக்கிறது. இதற்கு ஏற்ற தமிழ் வடிவம் ‘செய்ய வேண்டும்’ என்பதாகும்.

ஒரே விதியில் இரண்டும்

பிரிவு 6(2) இதற்குச் சிறந்த சான்று. கிராம சபைத் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் உட்கோட்ட அளவிலான குழுவிடம் மனுச் செய்யலாம். இங்கு ‘மே’ வருகிறது. குழு அம்மனுவைப் பரிசீலித்து முடிவு செய்ய வேண்டும். இங்கு ‘ஷல்’ வருகிறது. மனுவைத் தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அளிக்க வேண்டும் என்பதிலும் ‘ஷல்’ உள்ளது. ஆக, மனுச் செய்வது பாதிக்கப்பட்டவரின் விருப்பம். காலவரம்பு அவருக்குரிய கட்டுப்பாடு. பரிசீலனை குழுவின் கடமை. ‘குழு பரிசீலிக்கலாம்’ எனப் பெயர்த்தால் கடமை விருப்பமாகிவிடும். ‘குழு பரிசீலிக்கும்’ என்றால், வழக்கமாக நிகழ்வதைக் கூறும் செய்தியாகவும் அது பொருள்படும்.

எதிர்மறையும் விதிவிலக்கும்

உரிமையைச் சரிபார்க்கும் நடைமுறை முடியும்வரை, வேறு வகையாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, தம் அனுபவத்திலுள்ள வன நிலத்திலிருந்து எவரும் வெளியேற்றப்படக் கூடாது என்கிறது பிரிவு 4(5). இதனை ‘வெளியேற்றப்படமாட்டார்’ என எழுதினால், தடை என்பது வெறும் எதிர்காலக் கூற்றாகத் தளரும்.

எனினும் ‘ஷல்’ வருமிடமெல்லாம் ‘வேண்டும்’ பொருந்தாது. உரிமைகளின் தன்மையையும் அளவையும் தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகார அமைப்பாகக் கிராம சபையைப் பிரிவு 6(1) நிறுவுகிறது. அங்கு அச்சொல் தகுநிலையை அறிவிக்கிறது; ஆதலால் ‘அதிகார அமைப்பு ஆகும்’ என்பதே பொருத்தம்.

முடிவுரை

யார் செய்யலாம், யார் செய்தே தீர வேண்டும், எது கூடாது என்பவற்றை வினைமுடிபே உணர்த்துகிறது. அதில் நேரும் பிழை, மனு அளித்துக் காத்திருப்பவரின் உரிமையை அவரே அறியாதபடி செய்துவிடும். ஆகவே சட்டத் தமிழாக்கத்தில் கலைச்சொற்களுக்கு அளிக்கும் கவனத்தைத் துணைவினைகளுக்கும் அளித்தல் வேண்டும்.